ஒலிவாங்கியின் அளவை ஆர்டுயினோவில் பார்த்த இரண்டு வருடங்கள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகே உள்ள எங்கள் தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்தைப் பதிவு செய்யும்போது, தப்பு என்னும் பறை முழங்கும் இடங்களிலெல்லாம் பதிவு கரகரத்துப் போனது. எங்கே நின்றால் எவ்வளவு சிக்னல் வரும் என்பதை முன்கூட்டியே எண்ணாகப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்றையும், மேக்ஸ் 4466 சிப் உள்ள சிறிய ஒலிவாங்கி ஒன்றையும் வாங்கினேன்.

முதல் சில வாரங்கள் வீணாயின. படித்த ஒவ்வோர் எண்ணையும் அப்படியே கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். விநாடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில் ஏறத்தாழ 960 எழுத்துகள்தான் போகும் என்பதால், இருநூறுக்கும் குறைவான எண்களே திரையில் வந்தன. தப்பின் அடி அவற்றுக்கு இடையில் நழுவிப் போயிற்று. பலகையோ விநாடிக்கு 9,000 முறைக்கு மேல் அளக்கக்கூடியது. ஆகவே 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதற்குள் வந்த உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பும்படி நிரலை மாற்றிய பிறகே அடி ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது.

அடுத்த தொல்லை மின்சாரம். யூஎஸ்பி சார்ஜரில் போட்டால் யாரும் பேசாத அறையிலும் எண் துள்ளியது. ஒலிவாங்கிக்கு 3.3 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் கொடுத்து, அதே முனையை, அளப்பதற்கான ஒப்பீட்டு மின்னழுத்தத்தை ஏற்கும் ஏரெஃப் துளையிலும் இணைத்ததும் அது அடங்கியது. பலகை பிரித்தறியும் ஒரு படியின் அளவும் 4.9 மில்லிவோல்ட்டிலிருந்து 3.2 ஆகக் குறைந்தது. ஆனால், வெளி ஒப்பீட்டு மின்னழுத்தம் என்று நிரலில் முதலில் சொல்லிவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் சிப்பே பழுதாகிவிடலாம்.

மேக்ஸ் 9814 உள்ளதையும் வாங்கிப் பார்த்தேன். அது பெருக்கத்தை, அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை, தானே கூட்டிக் குறைப்பதால், பாட்டும் தப்பும் ஒரே உயரத்தில் நின்றன. பேச்சைப் பதிய அது நல்லது, அளக்க உதவாது. 4466இன் பின்புறம் உள்ள பெருக்கத்தை மாற்றும் மிகச் சிறிய திருகோ பையில் கிடந்தே அசைந்துவிடும். ஒரு சொட்டு நகப்பூச்சால் அதை ஒட்டிவைத்திருக்கிறேன்.

இதை டெசிபல் மானி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எண் இரட்டித்தால் 6 டெசிபல் கூடிற்று என்று சொல்லலாமே தவிர, உண்மையான ஒலி அளவு எவ்வளவு என்று சொல்ல முடியாது. பதிவுக் கருவியின் பக்கத்தில் வைத்துப் பழகியதில், என் அமைப்பில் 700ஐத் தாண்டினால் பதிவு கெடுகிறது என்பது தெரிந்தது. தப்புக்கு ஆறடியில் எண் 1000ஐ முட்டியது. பதினைந்தடிக்குப் பின்வாங்கியபோது 600ஐச் சுற்றி நின்றது.

இந்த வருடம் ஒத்திகையின்போது மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் லயத்து இஸ்தோப்பில் (தோட்டக் குடியிருப்பு வரிசையின் முன் திண்ணையில்) ஒதுங்கினோம். தகரக் கூரையில் விழுந்த மழை மட்டுமே 400 காட்டியது. பெட்டியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.