மீதிப் பணம் கொடுக்கும் முன் செட்டைத் திருப்பிப் பாருங்கள், உடையை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள்

குடும்பத்தோடு வந்து பார்க்கும் கிறிஸ்துமஸ் மேடை நிகழ்ச்சிக்காகச் செட்டையும் உடைகளையும் ஒரே ஆளிடம் வாடகைக்கு எடுத்தோம். இரண்டிலும் ஏமாந்தோம். அவர் பெயர் இந்தப் பதிவில் இல்லை. என்ன பேசினோம், என்ன வந்து இறங்கியது, அதில் எது வெறும் அசிங்கம், எது உயிருக்கே ஆபத்து என்பதை மட்டும் எழுதுகிறோம். டிசம்பருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பேசியது இது. ஒரு வீட்டின் கூடம்: 4 அடி அகலம், 8 அடி உயரத்தில் 8 பேனல். நடுவில் கிறிஸ்துமஸ் தாத்தா வெளியே வரும் அளவுக்குக் கணப்பும் (குளிர்காய விறகு எரிக்கும் மாடம்) புகைபோக்கியும். பக்கத்தில் 5 படி, அதன்மேல் இரண்டு பேர் நிற்கும் சிறு தளம். பின்னால் பனி பெய்த தெரு வரைந்த திரை. உடைகள் 28, அதில் 20 குழந்தைகளுக்கு: தேவதூதர், மேய்ப்பர், ஞானிகள், நட்சத்திரம், பனிமனிதன். முழு உடை ஒத்திகைக்கு 3 நாள் முன்னால் எல்லாம் வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. வந்தது முந்தின நாள் இரவு.

இதை வெறும் தாமதம் என்று விட்டுவிடாதீர்கள். இரவில் வண்டி வந்தால் இறக்கி நிறுத்தவே நேரம் போதாது, சோதிக்க எங்கே நேரம்? குறை கண்ணில் பட்டாலும் மாற்றுக்கு வழியில்லாததால் வாங்கித்தான் ஆக வேண்டியிருக்கும். இந்த நெருக்கடியை நம்பியே சிலர் தொழில் செய்கிறார்கள். வரவேண்டிய நாள் தவறினால் வாடகையில் எவ்வளவு கழியும் என்பதை எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

முதல் ஏமாற்று படத்திலேயே தொடங்கியது. போனில் அனுப்பிய படங்கள் அழகானவை. எல்லாமே முன்பக்கம், எல்லாமே மேடை வெளிச்சத்தில் எடுத்தவை. அந்தச் செட் அவரிடம் இல்லவே இல்லை என்பது வண்டி வந்த பிறகுதான் தெரிந்தது. இனி யாரிடம் எடுத்தாலும் ஒவ்வொரு பேனலின் பின்பக்கப் படத்தையும், அன்றைய தேதி எழுதிய காகிதத்தை அதன்மேல் ஒட்டி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல தச்சர் பின்பக்கத்தைக் காட்டத் தயங்க மாட்டார். செட் எப்படிச் செய்யப்பட்டது என்பது அங்கேதான் தெரியும்.

பேனலின் பின்னால் என்ன இருக்க வேண்டும்? சுற்றிலும் 3 அங்குல அகல ரீப்பர் சட்டம், குறுக்கே குறைந்தது ஒரு கட்டை, நான்கு மூலையிலும் முக்கோணமாக வெட்டிய பிளைவுட் துண்டு, அதில் பசையோடு ஸ்க்ரூ. எங்களுக்கு வந்ததில் மூலைத் துண்டே கிடையாது. ரீப்பரோடு ரீப்பரை முட்டவைத்து ஆணி அடித்திருந்தார்கள். அப்படிச் செய்த சட்டத்தை இரண்டு முறை தூக்கி இறக்கினால் மூலை திறந்து, செவ்வகம் சாய்ந்த இணைகரமாகிவிடும். பக்கத்துப் பேனலோடு சேராது. இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். பேனலைத் தரையில் படுக்க வைத்து இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் நேர்.

8 பேனலில் 5 வில்லாக வளைந்திருந்தன. காரணம் ஒரு பக்கம் மட்டும் அடித்த பெயிண்ட். மெல்லிய பிளைவுட்டின் ஒரு முகத்தில் மட்டும் தண்ணீர் கலந்த பெயிண்ட் ஏறிக் காய்ந்தால், அந்த முகம் சுருங்கிப் பலகையை இழுத்துவிடும். பின்பக்கத்திலும் நீர்த்த பெயிண்ட் ஒரு கை அடித்திருந்தால் வளைந்திருக்காது. வளைந்த இரண்டு பேனலுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. பின்னால் இருக்கும் விளக்கு அந்த இடைவெளி வழியாகக் கோடாகத் தெரியும். இதற்குக் கைவைத்தியம் உண்டு: இணைப்பின்மேல் 4 அங்குல அகலத்துக்குத் துணிப் பட்டையைப் பசை வைத்து ஒட்டி, அதே நிறத்தை அதன்மேல் பூசுங்கள். பளபளக்கும் எனாமலைத் தொடவே வேண்டாம். மேடை விளக்கு அதில் பட்டுத் தெறித்து, நடிப்பவர் முகம் இருண்டுவிடும். மட்டான எமல்ஷன்தான் வேண்டும்.

அதைவிட மோசம், பேனல்களைப் பின்னாலிருந்து தாங்கும் முட்டே இல்லை. ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, மேலே இருக்கும் கம்பியில் மாட்டிவிடலாம் என்றார் கொண்டு வந்தவர். இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். 8 அடி பேனல் குழந்தை மீது சாய்ந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. முக்கோண முட்டு ஒவ்வொன்றும் பேனல் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எட்ட வேண்டும். அதன் அடிக்கட்டையின் கடைசி முனையில் 12 கிலோவுக்குக் குறையாத எடை வேண்டும். எடையைப் பேனலை ஒட்டி வைத்தால் பயனில்லை. தள்ளி வைக்க வைக்கத்தான் பிடிமானம் கூடும். கதவு உள்ள பேனலுக்குக் கதவின் இரண்டு பக்கமும் முட்டு கொடுங்கள். கதவை ஓங்கிச் சாத்தும்போது சுவர் ஆடினால், பார்ப்பவர்களுக்கு அது வீடாகத் தெரியாது.

இனி படிக்கட்டு. பேசியது 18 மில்லிமீட்டர் பிளைவுட், வந்தது 12. விளிம்பில் கெட்டியாகப் பெயிண்ட் பூசித் தடிமனை மறைத்திருந்தார்கள். கண்ணை நம்பாமல் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 18 மில்லிமீட்டருக்கே 60 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்குகட்டை அடியில் வேண்டும். இதில் ஒரு மீட்டருக்கும் மேல் வெறுமையாக விட்டிருந்ததால், பெரியவர் கால் வைத்தால் பலகை தொய்ந்தது. இணைத்திருந்த ஸ்க்ரூக்கள் ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கருப்பு ஸ்க்ரூ. அவை மெல்லிய கண்ணாடிபோல. இழுப்பைத் தாங்கும், பக்கவாட்டில் வெட்டும் பாரம் வந்தால் வளையாமல் பட்டென்று முறியும். பாரம் தாங்கும் இணைப்பில் மர ஸ்க்ரூ அல்லது வாஷரோடு போல்ட் தவிர வேறெதுவும் கூடாது.

படிகளின் உயரமும் ஒன்றுபோல் இல்லை. முதல் படி 14 சென்டிமீட்டர், நடுவில் 17, கடைசிப் படி 20. கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிவிடும். அதன்பின் கண் கீழே பார்க்காது. மாறுகிற படியில்தான் இடறும், அதுவும் தரைவரை தொங்கும் அங்கி போட்ட குழந்தை நிச்சயம் இடறும். எல்லாப் படியும் ஒரே உயரம், 18 சென்டிமீட்டருக்குள், கால் வைக்க 25 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் என்று எழுதியே கொடுங்கள். கைப்பிடி என்று வைத்திருந்தது வெறும் அலங்காரம், இரண்டு சிறு ஸ்க்ரூவில் நின்றது. வாங்கும் இடத்திலேயே மூன்று பெரியவர்கள் மேல்தளத்தில் ஏறி இடமும் வலமுமாக அசையுங்கள். கால்கள் ஆடினால் குறுக்குச் சட்டம் இல்லை என்று அர்த்தம். பெயிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கணப்பைப் பற்றி எழுதும்போது இன்னமும் மனம் பதறுகிறது. செங்கல் வரிசை முழுக்க தெர்மோகோல். உள்ளே நெருப்புபோலத் தெரிய சாதாரண குண்டு பல்பு, அதன்மேல் சிறு மின்விசிறியில் அசையும் பட்டுத்துணி. பல்புக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை. தெர்மோகோல் பற்றினால் உருகிச் சொட்டும், சொட்டுகிற துளியும் எரியும், கரும்புகை நொடியில் அரங்கை நிறைக்கும். அந்த வாய்க்குள்ளிருந்து பஞ்சுத் தாடியோடு ஒருவர் தவழ்ந்து வெளியே வர வேண்டும்! நாங்கள் பல்பைப் பிடுங்கிவிட்டு, சூடேறாத எல்இடி பட்டையை ஆரஞ்சுத் தாளுக்குப் பின்னால் வைத்தோம். செங்கலுக்குத் தெர்மோகோல்தான் வேண்டும் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். பிளைவுட்டில் மரத்தூளும் பசையும் கலந்து அப்பி, காய்ந்தபின் கோடு கீறினால் செங்கல் அச்சாக வரும்.

பின்திரைக்குத் தீத்தடுப்புச் சான்றிதழ் கேட்டோம். ஒரு தாள் கொடுத்தார். அதில் என்எஃப்பிஏ 701 (திரைத் துணி தீயில் எப்படி எரிகிறது என்று சோதிக்கும் அமெரிக்கத் தரம்) என்று எழுதி முத்திரையும் இருந்தது. ஆனால் துணியின் விவரத்தில் பருத்தி என்று இருக்க, தொங்கியதோ பாலியஸ்டர். வேறெந்தத் துணிக்கோ வாங்கிய சான்றிதழ் அது. தாளில் உள்ள துணி வகை, நிறம், தேதி மூன்றும் கையில் உள்ள திரையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். உப்புக் கரைசல் தெளித்துச் செய்த தீத்தடுப்பு ஒருமுறை துவைத்தாலே போய்விடும். துவைத்த திரைக்குப் பழைய சான்றிதழ் செல்லாது.

சந்தேகம் இருந்தால் திரையின் மடிப்பு விளிம்பிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். திறந்தவெளியில், பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்து அடிமுனையில் தீக்குச்சியை 12 நொடி காட்டுங்கள். குச்சியை எடுத்ததும் 2 நொடிக்குள் அணைய வேண்டும். எரியும் துளி சொட்டி கீழே தொடர்ந்து எரியவும் கூடாது. இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் எங்கள் திரையின் துண்டு முழுக்க எரிந்து தீர்ந்தபோது, அதை மேடையில் ஏற்றக் கூடாது என்று முடிவெடுக்க வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வளவு கறார் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி. 1903 டிசம்பர் 30, சிகாகோவின் இராக்வாய் தியேட்டர். பண்டிகை விடுமுறைப் பகல் காட்சி, அரங்கு நிறையத் தாய்மார்களும் பிள்ளைகளும். விளக்கின் பொறி மேடைத் துணியில் பற்றியது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்யப்பட்ட அரங்கு அது.

பனிக்கு இரண்டே வார்த்தை. மேலிருந்து தூவும் காகிதப் பனியைக் கூட்டி அள்ளி மறுநாள் மறுபடி தூவக் கூடாது; கூட்டும்போது ஸ்க்ரூவும் குண்டூசியும் சேர்ந்து வரும், அடுத்த காட்சியில் அவை அண்ணாந்து பார்க்கும் கண்ணில் விழும். நுரைப் பனி தரையை வழுக்கலாக்கும். ஆட்டம் உள்ள காட்சியில் வேண்டவே வேண்டாம்.

உடைகளுக்கு வருவோம். ஒவ்வொரு குழந்தைக்கும் மார்பு, இடுப்பு, தோளிலிருந்து கணுக்கால் உயரம், தலைச் சுற்று என்று அளவு எழுதிக் கொடுத்திருந்தோம். பனிமனிதன்போல உடலோடு ஒன்றாகத் தைத்த உடைக்கு, தோளிலிருந்து கால் இடுக்கு வழியாகச் சுற்றி மறுபடி தோளுக்கு வரும் அளவும் கொடுத்தோம். அதில்தான் பலரும் தவறுவார்கள். அது குறைந்தால் குழந்தை நிமிர்ந்து நிற்கவே முடியாது. வந்த மூட்டையில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவு. அவரிடம் கொடுத்த தாளை அவர் பிரித்தே பார்க்கவில்லை.

தையலைப் பிரித்து உடையைப் பெரிதாக்கலாம் என்று உள்பக்கம் புரட்டினால், தையலை ஒட்டித் துணியை வெட்டி, விளிம்பு நூல் பிரியாமலிருக்க ஓவர்லாக் அடித்திருந்தது. வாடகை உடையில் பக்கத் தையலுக்குள் இரண்டரை சென்டிமீட்டராவது துணி விட்டிருக்க வேண்டும். அது இல்லாத உடை ஒரே உடம்புக்குத்தான். முதலில் உள்பக்கம், பிறகு அக்குள், பிறகு கால் இடுக்கு, கடைசியில்தான் வெளிப்பக்கம் என்ற வரிசையில் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு வெல்வெட் சாயம் விட்டது. வேர்வை பட்டதும் வெள்ளைக் கரை இளஞ்சிவப்பாகிவிட்டது. வாங்கும்போதே ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பில் இருபது முறை தேயுங்கள். கைக்குட்டை சிவந்தால் வாங்காதீர்கள். தைத்து முடித்த உடையில் உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், நிற்காது. அதே சிவப்பை நீல வெளிச்சத்திலும் நிறுத்திப் பாருங்கள். இரவுக் காட்சியில் சிவப்பு கருப்பாகத் தெரியும். தாத்தா வரும்போது முன்னாலிருந்து கொஞ்சம் வெள்ளை வெளிச்சம் சேர்க்கச் சொல்லி விளக்குக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தாடிப் பஞ்சை முகத்தில் ஒட்டும் பசையை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்க்காமல் யார் முகத்திலும் போடாதீர்கள். தொப்பியும் விக்கும் துவைக்காமல் வந்திருந்தன, வாசனையே சொன்னது. வாடகைத் தலைப்பொருள் எதையும் சுத்தம் செய்யாமல் குழந்தை தலையில் வைக்கக் கூடாது.

தேவதூதரின் சிறகு கம்பிச் சட்டத்தில் இருந்தது, முனைகள் மடக்காமல் கூராக நீட்டிக்கொண்டிருந்தன. தோளில் மாட்ட மெல்லிய எலாஸ்டிக். பத்து நிமிடத்தில் அக்குளை அறுக்கும். அகலமான நாடாவில் முதுகுப்பைபோல மாட்டி, மார்பில் குறுக்கே ஒரு பட்டை கொடுத்தால்தான் சிறகு பின்னால் சாயாது. சிறகின் முழு அகலத்தையும் பக்கத் திரைகளுக்கு நடுவே உள்ள வழியையும் அளந்து ஒப்பிடுங்கள். ஆறு தூதர்கள் ஒரே நேரத்தில் ஓடிவந்து வழியில் சிக்குவது முழு ஒத்திகையில்தான் தெரியும்.

நட்சத்திர உடையில் மின்னும் விளக்குகளுக்குப் பட்டன் பேட்டரி. பெட்டியின் மூடி விரலால் தள்ளினாலே திறந்தது. இதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். குழந்தை விழுங்கிய பட்டன் பேட்டரி 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். மூடி ஸ்க்ரூவில் பூட்டியிருக்க வேண்டும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

உடையில் ஈஎன் 71-2 என்ற லேபிள் இருந்தது. எனவே தீப்பிடிக்காது என்றார். அது விளையாட்டுப் பொருளுக்கான ஐரோப்பியத் தரம். வேடம் போடும் உடையில் தீ நொடிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்றுதான் சொல்கிறது. கணக்குப் போடுங்கள்: 10 நொடியில் 30 சென்டிமீட்டர் பரவினாலும் அந்த லேபிள் கிடைக்கும். மேய்ப்பர் கையில் மெழுகுவத்தி உள்ள காட்சியா? எல்இடி வத்தி மட்டும் கொடுங்கள்.

அங்கிகளின் முன்விளிம்பு தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும், படியேறுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. சீக்கிரம் மாற்ற வேண்டிய உடையில் நீண்ட வெல்க்ரோ வேண்டாம். அமைதியான காட்சியில் அது பிரியும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கும், பஞ்சும் நூலும் ஒட்டிச் சில நாளில் பிடிக்காது. டிச் பட்டன் நம்பகமானது.

உடைகளையும் செட்டையும் திருப்பிக் கொடுத்தபோது 6 உடை கிழிந்துவிட்டதென்று டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார். அந்தக் கிழிசல்கள் வரும்போதே இருந்தவை. வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு உடையையும் முன், பின், உள் என்று தேதியோடு படம் எடுத்து, கொண்டு வந்தவர் நிற்கும்போதே அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். பட்டியலில் கையெழுத்து வாங்கும்வரை வண்டியை விடாதீர்கள். வாடகையில் மூன்றில் ஒரு பங்கையாவது முழு ஒத்திகை முடியும்வரை கையில் வைத்திருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் செட் எடுக்க வேண்டாம்.