தீசிஸ் டைப் அடிக்க ஒரு திருவல்லிக்கேணி கடை

கிராஃப் தியரியில் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம்) பிஎச்.டி. செய்கிறவர்கள் தீசிஸ் அடிக்க இடம் கேட்டால் நான் கைகாட்டுவது பாரதி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடையைத்தான். பெயர்ப் பலகை கிடையாது. சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணித மையமான ராமானுஜன் இன்ஸ்டிடியூட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

எம்.ஃபில். படிக்கும்போது டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் நானே படம் வரைந்து ஒட்டினேன். பிஎச்.டி. தீசிஸை இந்தக் கடைக்கார அண்ணனிடம் கொடுத்தேன். இப்போது நான் கைடு, என் மாணவர்களும் இங்கேதான் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் லேபிளிங், அதாவது கிராஃபின் முனைகளுக்கு எண் போடும் ஆராய்ச்சி, செய்பவர்கள் ஏராளம். 1967இல் அலெக்சாண்டர் ரோசா தொடங்கிவைத்தது. 'கிரேஸ்ஃபுல்' என்று பெயர் வைத்தவர் கோலம்ப். எல்லா மரங்களும் (சுற்றே இல்லாமல் இணைந்திருக்கும் கிராஃப்கள்) கிரேஸ்ஃபுல்தானா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை, அதனால் தீசிஸுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து முனை உள்ள பாதைக்கு வரிசையாக 0, 4, 1, 3, 2 என்று எண் போட்டால், அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 4, 3, 2, 1. இந்த வித்தியாசங்களில் எதுவும் இரண்டு முறை வரக் கூடாது, எதுவும் விடுபடக் கூடாது; அதுதான் கிரேஸ்ஃபுல். அண்ணன் படித்தது பி.காம். ஆனால் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார். படம் அடித்து முடித்ததும் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் கழித்துப் பார்ப்பார். "மேடம், 7 ரெண்டு தடவை வருது, 9ஐக் காணோம்" என்று போன மாதம் ஒரு மாணவியின் படத்துக்குப் போன் செய்தார். வெளித்தேர்வாளர் கண்ணில் முதலில் பட்டிருந்தால் வைவா என்ன ஆகியிருக்கும்!

முன்பு வேறொரு கடையில் கொடுத்தபோது எழுத்தின் காலடியில் நிற்க வேண்டிய கீழ்க்குறி எண்கள் எல்லாம் மேலேறி அடுக்காக நின்றன. இங்கே அந்தத் தொல்லை இல்லை. எட்ஜ் கலரிங் (கோடுகளுக்கு வண்ணம் கொடுப்பது) படமாக இருந்தால், கறுப்பு வெள்ளை பிரிண்டில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும் என்று அவரே ஒன்றைப் புள்ளிக் கோடாகவும் இன்னொன்றை விட்டு விட்டும் போட்டுத் தருவார்.

குறை? படத்துக்குத் தனிக் காசு, அதுவும் கொஞ்சம் அதிகம்தான். "நாளைக்கு" என்றால் மூன்றாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைண்டிங்கை மட்டும் இங்கே கொடுக்க வேண்டாம், ரெக்ஸின் அட்டை ஓரத்தில் பிரிந்துவிடுகிறது. அதற்கு அதே சாலையில் வேறு ஆட்கள் உண்டு.

மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குரல் கொடுத்தால் திறப்பார்.