யூ-பூட்டிலிருந்தே பார்ட்டிஷன் டேபிளை மாற்றுவது: ஐந்து வருட அனுபவம்

கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் மின்சாரச் செலவைக் கணக்கெடுக்கும் சிறு பெட்டிகளைச் செய்து பராமரிப்பது எங்கள் வேலை. உள்ளே இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற சிறு லினக்ஸ் கணினி போர்டு. மீட்டர்களிலிருந்து மோட்பஸ் என்ற தொடர்பு முறை வழியாக அளவுகளை வாங்கி, போர்டிலேயே இருக்கும் இஎம்எம்சி சேமிப்புச் சிப்பில் எழுதி, நெட் கிடைக்கும்போது சர்வருக்கு அனுப்பும். அறுபது பெட்டிகளுக்கு மேல் ஓடுகின்றன. இவற்றின் பார்ட்டிஷன் டேபிளை, அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையை, லினக்ஸுக்கு முன்னால் ஓடி அதை எழுப்பும் யூ-பூட் பூட்லோடரிலிருந்தே மாற்றத் தொடங்கி ஐந்து வருடமாகிறது. அந்த முறை எப்படி இருக்கிறது, எங்கே கைவிட்டது என்பதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் வைத்த அமைப்பு எளிமையானது: 1 ஜிபிக்கு ஒரு ரூட் பார்ட்டிஷன் (லினக்ஸ் இருக்கும் பகுதி), மிச்சமெல்லாம் டேட்டா. அப்டேட் நடக்கும்போது பாதியில் கரண்ட் போனால் பெட்டி எழாது. இரண்டு ரூட் பார்ட்டிஷன் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றொன்றில் புதியதை எழுதி, சரியாக இருந்தால் மாறிக்கொள்ளும் முறைதான் இதற்குத் தீர்வு. ராக், எஸ்டபிள்யூஅப்டேட் போன்ற கருவிகள் அந்த மாறுதலை அழகாகப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அவை ஏற்கெனவே இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே மாறும். இரண்டாவது இடத்தை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸில் உட்கார்ந்து அதே டிஸ்க்கின் டேபிளை மாற்றினால், பார்ட்டிஷன்கள் மவுன்ட் ஆகி பயன்பாட்டில் இருப்பதால் லினக்ஸின் மையமான கர்னல் புதிய டேபிளை ஏற்க மறுக்கும். டிஸ்க்கில் ஒரு கணக்கு, நினைவகத்தில் வேறொரு கணக்கு என்று ஆகிவிடும். பூட்லோடரில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே எதுவும் மவுன்ட் ஆகியிருக்காது.

நாங்கள் எழுதும் டேபிள் வகையின் பெயர் ஜிபிடி. யூ-பூட்டில் இதற்கென்றே அதே பெயரில் ‘ஜிபிடி’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. பில்டு செய்யும்போதே அதைச் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘அன்னோன் கமாண்ட்’ என்று சொல்லி நின்றுவிடும். யூ-பூட் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்துக்கு என்விரான்மென்ட் என்று பெயர். அதில் ‘பார்ட்டிஷன்ஸ்’ என்ற மாறியில் ஒவ்வொரு பார்ட்டிஷனின் பெயர், தொடக்கம், அளவு, யூயூஐடி என்ற தனி அடையாள எண் ஆகியவற்றை ஒரே வரியாக எழுதி வைத்து, ‘ஜிபிடி ரைட்’ கொடுத்தால் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ‘ஜிபிடி வெரிஃபை’ கொடுத்தால், டிஸ்க்கில் இருப்பதும் நாம் எழுதியதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சொல்லும். கடைசி பார்ட்டிஷனின் அளவாக வெறும் சிறுகோடு போட்டால் மிச்ச இடம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். இந்தக் கடைசி வசதி பெரிய உதவி. ‘4 ஜிபி’ என்று விற்கும் இஎம்எம்சி சிப்புகளின் செக்டர் (512 பைட் துண்டு) எண்ணிக்கை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுகிறது. அளவை எண்ணாகவே எழுதி வைத்தால் ஒரு தொகுதி போர்டில் பொருந்தும், அடுத்த தொகுதியில் இடம் போதாது.

புதிதாகச் செய்பவர்களுக்கு ஒன்று. அந்த வரியில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் நடுவே அரைப்புள்ளி வருகிறது. கன்சோலில் அரைப்புள்ளி என்றால் அடுத்த கட்டளை என்று பொருள். ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் முதல் துண்டு மட்டும் மாறியில் சேரும். நாங்கள் இப்போது கன்சோலில் தட்டுவதே இல்லை. யூ-பூட்டின் இயல்பு என்விரான்மென்டிலேயே அந்த வரியைச் சேர்த்து பில்டு செய்கிறோம். என்விரான்மென்ட் அழிந்து இயல்புநிலைக்குத் திரும்பினாலும் வரி பத்திரமாக இருக்கும்.

இனி, நான் மிகவும் வருந்திய நாளுக்கு வருகிறேன்.

முதல் சோதனைக்கு எடுத்த போர்டில் முதல் பார்ட்டிஷனுக்குத் தொடக்க இடம் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் அதுவே சரியான இடமாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ‘ரைட்டிங் ஜிபிடி: சக்ஸஸ்’ என்று வந்தது. ‘பார்ட் லிஸ்ட்’ போட்டுப் பார்த்தேன், நான் கேட்ட பெயர்கள் எல்லாம் இருந்தன. எஸ்டி கார்டிலிருந்து லினக்ஸை எழுப்பி, முதல் பார்ட்டிஷனை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்து, ஃபைல்களை எல்லாம் நகலெடுத்தேன். ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. கார்டை எடுத்துவிட்டு மறுபடி பவர் கொடுத்ததும் சீரியல் கன்சோலில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: ‘சி’ என்ற எழுத்து, வரிசையாக, நிற்காமல்.

பீகிள்போனில் இருக்கும் ஏஎம்335எக்ஸ் சிப்போடு பழகியவர்களுக்கு அந்த எழுத்து என்ன என்று தெரியும். சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ரோம் கோடு பூட்லோடரை எங்கேயும் காணாமல், சீரியல் வழியாகவாவது யாராவது அனுப்புங்கள் என்று எக்ஸ்மோடம் என்ற ஃபைல் அனுப்பும் முறையில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. ஜிபிடியில் டிஸ்க்கின் முதல் செக்டர், அதாவது செக்டர் 0, ஒரு காவல் எம்பிஆர் (பழைய வகை டேபிள்போல் காட்டி டிஸ்க்கைக் காப்பது). செக்டர் 1 ஹெட்டர். 2 முதல் 33 வரை பார்ட்டிஷன் பதிவுகள். பதிவு ஒன்றுக்கு 128 பைட் வீதம் 128 பதிவுகள். ஆக, பயன்படுத்தத் தக்க முதல் செக்டர் 34. நான் தொடக்கம் சொல்லாததால் யூ-பூட் பார்ட்டிஷனை நேரே அங்கே, 17 கேபியில், தொடங்கிவிட்டது. எங்கள் பூட்லோடரின் முதல் பகுதியான எம்எல்ஓ இருப்பது 128 கேபியில். யூ-பூட் இருப்பது 384 கேபியில். இரண்டுமே எந்தப் பார்ட்டிஷனிலும் சேராமல் டிஸ்க்கில் நேரடியாக எழுதப்பட்டவை. ‘ஜிபிடி ரைட்’ அவற்றைத் தொடவே இல்லை. பின்னால் வந்த ஃபார்மட்தான் அந்த இடம் முழுவதும் தனக்குச் சொந்தம் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. கட்டளை எதுவும் தவறு செய்யவில்லை. டேபிளுக்கு வெளியே என்ன குடியிருக்கிறது என்பதை நான் அதற்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். புதுப் போர்டு எது வந்தாலும் முதலில் ஒரு தாளில் செக்டர் 0 முதல் வரைந்துவிடுவேன். ரோம் கோடு எங்கே தேடுகிறது, பூட்லோடர் எவ்வளவு நீளம், என்விரான்மென்ட் எங்கே சேமிக்கப்படுகிறது, எல்லாம் அதில் இருக்கும். அதற்கப்புறம்தான் பார்ட்டிஷன். எங்கள் பெட்டிகளில் என்விரான்மென்ட்டின் இரண்டு பிரதிகளும் 4 எம்பிக்கு அருகில் இருக்கின்றன. முதல் பார்ட்டிஷன் 8 எம்பியில்தான் தொடங்கும். 8 எம்பி வீணாகிறதே என்று யாராவது கேட்டால், அந்த இடத்தின் மதிப்பு எனக்குத் தெரியும் என்றுதான் சொல்வேன்.

ஒவ்வொரு சிப்புக்கும் இந்த வரைபடம் வேறு. ராக்சிப் போர்டுகளில் முதல் லோடர் செக்டர் 64இல், யூ-பூட் செக்டர் 16384இல், அதாவது 8 எம்பியில். ஜிபிடிக்கு அங்கே இடைஞ்சல் இல்லை. ஆல்வின்னர் சிப்புகளில் 8 கேபியில், அதாவது செக்டர் 16இல் தேடும். அது பதிவுகளின் நடுவே விழுகிறது. அங்கே பதிவுகளின் எண்ணிக்கையை 56ஆகக் குறைத்தால் சரியாகச் செக்டர் 15உடன் முடிந்துவிடும். புதிய ஆல்வின்னர் சிப்புகள் 128 கேபியிலும் தேடும் என்பதால், அவற்றில் பூட்லோடரை அங்கே வைப்பதே நல்ல வழி.

எல்லாவற்றையும்விட என்னைச் சுற்ற விட்டது வேறொரு வேலைக்காக எடுத்த ஐ.எம்எக்ஸ்6 போர்டு. அதில் யூ-பூட் 1 கேபியில், அதாவது செக்டர் 2இல் தொடங்க வேண்டும். பார்ட்டிஷன் பதிவுகள் தொடங்குவதும் அதே செக்டர் 2தான். எனக்கு முன்னால் அந்தப் போர்டைப் பார்த்தவர் ஜிபிடி போட்டு, அப்புறம் யூ-பூட்டை எழுதியிருந்தார். யூ-பூட் எழுந்தது. ‘இன்வேலிட் ஜிபிடி’ என்று ஒரு வரி, ‘யூசிங் பேக்கப் ஜிபிடி’ என்று அடுத்த வரி, பிறகு கர்னலை ஏற்றிவிட்டது. கர்னலோ ரூட் டிவைஸுக்காகக் காத்துக்கொண்டே நின்றது. ஒரே டிஸ்க்கில் யூ-பூட்டுக்குத் தெரியும் பார்ட்டிஷன் கர்னலுக்குத் தெரியவில்லை.

இரண்டும் கெட்டுப்போன டேபிளை வேறுவேறு விதமாகக் கையாளுகின்றன. ஜிபிடி தன் பிரதி ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கும். முதல் டேபிளின் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் யூ-பூட் தானாகவே கடைசிப் பிரதிக்குப் போகும். லினக்ஸ் கர்னல், கட்டளை வரியில் ‘ஜிபிடி’ என்ற சொல்லைத் தனியாகக் கொடுத்தால்தான் அந்தப் பிரதியை ஏற்கும். கொடுக்காவிட்டால் பார்ட்டிஷனே இல்லை என்று விட்டுவிடும். இது தெரிந்ததும் நான் மகிழ்ச்சியாக ‘ஜிபிடி ரைட்’ கொடுத்து முதல் டேபிளைச் சரிசெய்தேன். அதனால் செக்டர் 2இல் இருந்த யூ-பூட்டின் தலைப்பகுதி அழிந்தது. போர்டு யூஎஸ்பி டவுன்லோடு நிலைக்குப் போய்விட்டது. கடைசியில் யூ-பூட்டை இஎம்எம்சியின் தனி பூட் பகுதிக்கு மாற்றி, ‘எம்எம்சி பார்ட்கான்ஃப்’ மூலம் அங்கிருந்தே பூட் ஆகும்படி செய்தோம். அந்தப் பகுதி ஜிபிடி இருக்கும் பகுதியோடு சேராதது. ஐ.எம்எக்ஸ்6இல் இஎம்எம்சி இருந்தால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

சரி, எங்கள் பெட்டிகளுக்குத் திரும்புகிறேன். ஆலைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை மாற்றியது இப்படி. ரூட் பார்ட்டிஷனின் தொடக்கத்தையும் அளவையும் அப்படியே விட்டோம். டேபிள் மாறினாலும் தொடக்கம் மாறாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் பிழைத்துக்கொள்ளும். டேட்டாவில் இருந்த அனுப்பாத பதிவுகளை டார் ஃபைலாக்கி ரூட்டுக்குள் வைத்தோம். பிறகு லினக்ஸிலிருந்தே யூ-பூட் என்விரான்மென்டில் ஒரு கொடியை, அதாவது ‘டேபிளை மாற்று’ என்ற குறிப்பை, வைத்து ரீபூட் செய்தோம். பூட் ஸ்கிரிப்ட் கொடியைப் பார்த்ததும் ‘ஜிபிடி ரைட்’ செய்யும், ‘வெரிஃபை’ செய்யும், அது வெற்றி என்றால் மட்டுமே கொடியை அழிக்கும். நடுவில் கரண்ட் போனால் அடுத்த முறை எழும்போது மறுபடி எழுதும். இந்த வரிசை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு ஆலையிலிருந்து எலக்ட்ரீஷியன் கூப்பிட்டு, “சார், பேனலை ஆஃப் பண்ணிட்டேனுங்க, பெட்டில ஏதோ வேலை நடந்துட்டு இருந்துச்சுங்களா?” என்று கேட்டபோது, “பரவாயில்லைங்க அண்ணா, மறுபடி ஆன் பண்ணிடுங்க, அதுவே பார்த்துக்கும்” என்று என்னால் சொல்ல முடிந்தது.

கொடி வைக்காமல், ஒவ்வொரு பூட்டிலும் வெரிஃபை செய்து தவறினால் எழுது என்று வைக்கலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இஎம்எம்சி ஒரு முறை தவறாகப் படித்ததற்காக டேபிளைத் திருப்பி எழுதும் இயந்திரம் எனக்கு வேண்டாம். எழுத வேண்டும் என்ற முடிவை ஒரு மனிதர் எடுக்க வேண்டும்.

அந்த மாற்றத்தில் எதிர்பாராமல் வந்தது ஒன்று. புதிய இரண்டாவது ரூட், பழைய டேட்டா தொடங்கிய அதே செக்டரில் தொடங்குகிறது. அதனால் காலியாக இருக்க வேண்டிய பார்ட்டிஷனில் பழைய இஎக்ஸ்டி4 அடையாளம் அப்படியே தெரிந்தது. எங்கள் ஸ்கிரிப்ட் அதை ஏற்கெனவே ஃபார்மட் ஆனது என்று எடுத்துக்கொண்டு மவுன்ட் செய்யப் பார்க்க, கர்னல் ‘பேட் ஜியாமெட்ரி’ என்று மறுத்தது. ஃபைல் சிஸ்டம் சொல்லும் அளவு பார்ட்டிஷனைவிடப் பெரிது. மவுன்ட் செய்வதற்கு முன்னால், பழைய அடையாளத்தை அழிக்கும் வைப்எஃப்எஸ் ஓட்டுவதைச் சேர்த்ததும் தீர்ந்தது.

யூயூஐடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரூட்டைச் சாதனப் பெயரால் சுட்டாமல் பார்ட்டிஷனின் யூயூஐடியான பார்ட்யூயூஐடியால் சுட்டுவது நல்லது. பீகிள்போனின் யூ-பூட்டில் எஸ்டி கார்டு 0, இஎம்எம்சி 1 என்று இருந்தாலும் கர்னலில் அந்த எண்கள் அப்படியே வரும் என்ற உறுதி எப்போதும் இல்லை. ஆனால் யூயூஐடி கொடுக்காமல் எழுதினால், தற்செயல் யூயூஐடி வசதி இருக்கும் யூ-பூட் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும். கர்னல் பழையதைத் தேடிக்கொண்டு நிற்கும். அதனால் நிலையான யூயூஐடிகளை வரியிலேயே எழுதிவிட்டோம். மீட்பு எஸ்டி கார்டுக்கு மட்டும் வேறு யூயூஐடி வேண்டும். ஒரே எண் இரண்டிலும் இருந்தால், கார்டிலிருந்து எழுந்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டு இஎம்எம்சியில் இருக்கும் ரூட்டையே திருத்திக்கொண்டிருப்போம்.

மற்ற வழிகளையும் பயன்படுத்தினோம். யூ-பூட்டின் ‘யூஎம்எஸ்’ கட்டளை இஎம்எம்சியை ஒரு பென் டிரைவ் போல லேப்டாப்புக்குக் காட்டும். எஸ்ஜிடிஸ்க்கோ ஜிபார்டடோ கொண்டு கண்ணால் பார்த்துத் திருத்தலாம். மேசைமேல் ஒரு போர்டை மீட்க இதைவிட நிம்மதியான வழி இல்லை. அறுபது பெட்டிக்கு ஆகாது. ‘ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் ஃபார்மட்’ உள்ளுக்குள் அதே பார்ட்டிஷன்ஸ் வரியைத்தான் எழுதுகிறது. புதுப் போர்டுகளைத் தயாரிக்கும் மேசையில் அதை வைத்திருக்கிறோம், வேகமாக இருக்கிறது.

சீரியல் கேபிளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 3.3 வோல்ட் யூஎஸ்பி-டிடிஎல் கேபிள்தான் வேண்டும். 5 வோல்ட் கேபிள் போர்டைக் கெடுக்கும். எங்களுடையது சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. வாங்கிய அன்றே கடையில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்த்துதான் எடுத்துவந்தேன்.

போன மாதம் கடைசிப் பழைய பெட்டியும் புதிய அமைப்புக்கு வந்துவிட்டது. அது பல்லடம் அருகே ஒரு ஆலையில், நெட் சரியாக வராத மூலையில் இருந்ததால் நேரே போக வேண்டியதாயிற்று. கேபிளை மாட்டி, கொடியை வைத்து, ரீபூட் கொடுத்தேன். ‘ரைட்டிங் ஜிபிடி: சக்ஸஸ்’, ‘வெரிஃபை ஜிபிடி: சக்ஸஸ்’, அப்புறம் கர்னல். டார் ஃபைல் பிரிந்து, பதினோரு நாளாக அனுப்பாமல் நின்ற அளவுகள் சர்வருக்குப் போகத் தொடங்கின.