தனியாகப் போகிறீர்களா? வாடகைக் காருக்கு எந்த இன்சூரன்ஸ் சரி?

வெளிநாட்டில் கார் எடுக்கும்போது எந்த மாடல், எவ்வளவு வாடகை என்று பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. தனி ஆளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. சின்ன கார் போதும். உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இன்சூரன்ஸைத்தான். இரண்டு பேர் போனால், கார் நிறுவனம் பிடித்துவைக்கும் தொகையால் ஒருவர் கார்டு முடங்கினாலும் இன்னொருவர் கார்டில் அறை எடுக்கலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த வழி கிடையாது.

ஐரோப்பாவில் பெரும்பாலும் வாடகையோடு சி.டி.டபிள்யூ. என்ற அடிப்படைக் காப்பு (மோதலில் காருக்கு வரும் சேதத்துக்கானது) சேர்ந்தே வரும். ஆனால் சேதத்தில் முதல் இவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு என்று ஒரு எக்ஸஸ் வைத்திருப்பார்கள். ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம். பல நிறுவனங்கள் சாவி கொடுக்கும் முன்பே அந்த அளவுக்கு உங்கள் கிரெடிட் கார்டில் பிளாக் செய்துவிடும்; அதாவது, அந்தத் தொகையை நீங்கள் செலவழிக்க முடியாதபடி பிடித்துவைக்கும். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் இவையெல்லாம் பல ஒப்பந்தங்களில் அந்தக் காப்புக்குள் வராது.

புதிய நாட்டில் முதலில் அடிபடுவதும் பெரும்பாலும் சக்கரமும் பக்கக் கண்ணாடியும்தான். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன் நான். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்த காரில், வலப்பக்கம் கார் எங்கே முடிகிறது என்ற கணக்கே பிடிபடவில்லை. இரண்டாம் நாள் ஒரு குறுகலான திருப்பத்தில் வலது முன்சக்கரம் நடைபாதை ஓரத்தில் உரசியது. இறங்கிப் பார்த்தால் ரிம்மில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல். திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் நேராக அந்தச் சக்கரத்தின் அருகில்தான் குனிந்தார்.

அன்று என்னைக் காப்பாற்றியது, புறப்படும் முன் வேறொரு நிறுவனத்திடம் வாங்கியிருந்த தனி எக்ஸஸ் பாலிசி; நாம் கட்டும் எக்ஸஸைத் திருப்பித் தருவது. டயர், ரிம், கண்ணாடி எல்லாம் அதில் இருந்தன. கார் எடுக்கும் கவுண்டரில் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று விற்கும் காப்பைவிட இது பெரும்பாலும் மலிவு. ஆண்டு முழுவதற்கும்கூட எடுக்கலாம். குறை என்னவென்றால், முதலில் உங்கள் கையிலிருந்துதான் பணம் போகும். வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, பில், கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் சேர்த்து அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பிளாக்கும் குறையாது. கவுண்டர்காரருக்கு உங்கள் வெளிப் பாலிசி கணக்கே இல்லை.

கவுண்டரில் விற்கும் முழுக் காப்பு விலை அதிகம். நீண்ட விமானப் பயணம் முடிந்து தூக்கக் கலக்கத்தில் நிற்பவரிடம் பயமுறுத்தி விற்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் நான் அதை ஒதுக்கிவிட மாட்டேன். எக்ஸஸ் பூஜ்யமானால் பிளாக்கும் பெரும்பாலும் சிறு தொகையாகச் சுருங்கும். கிளெய்ம் அலைச்சலும் இல்லை. கையில் ஒரே கார்டு, அதிலும் லிமிட் குறைவு என்றால் இதுதான் சரி. இரண்டு மூன்று நாள் வாடகைக்கும் இதையே சொல்வேன். ‘முழு’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஐஸ்லாந்தில் சரளைக் கல் தெறித்து வரும் சேதத்துக்கும், மணல், சாம்பல் காற்றுக்கும் தனித்தனிக் காப்பு விற்கிறார்கள். அங்கே எஃப் சாலைகள் எனப்படும் கரடுமுரடான மலைச் சாலைகளில் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்தால் பொதுவாக எந்தக் காப்பும் கைகொடுக்காது.

கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பைக் கடைசியில்தான் வைப்பேன். பொதுவாக முழு வாடகையையும் அந்தக் கார்டிலேயே கட்ட வேண்டும், நிறுவனத்தின் சி.டி.டபிள்யூ.வை மறுக்க வேண்டும். மறுத்தால் பிளாக் இன்னும் ஏறும். சில நாடுகளையே விலக்கி வைத்திருக்கும் கார்டுகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் இன்னொருவரை இடித்துவிட்டால் அந்த நஷ்டத்தை இது தொடாது. அதற்கான பொறுப்புக் காப்பு வாடகையில் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் இதில் கவனம் மிக அவசியம்.

இரண்டு கார்டும் போதிய லிமிட்டும் இருந்தால் தனிப் பாலிசி; இல்லாவிட்டால் கவுண்டர். எதை எடுத்தாலும் உரிமம் அந்த நாட்டில் செல்லாவிட்டால் காப்பும் செல்லாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிகளில் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்ததை மட்டுமே ஜப்பான் ஏற்கிறது. 1968 வியன்னா ஒப்பந்த அனுமதி அங்கே உதவாது.

அதிகாலை விமானம் என்று சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல ஒப்பந்தங்களில் அலுவலகம் திறந்து காரைப் பார்க்கும் வரை பொறுப்பு உங்களுடையதுதான். சாட்சிக்குப் பக்கத்தில் ஆளும் இல்லை. நான்கு சக்கரம், கண்ணாடிகள், பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுங்கள். பிளாக் விடுபடும் வரை அதை அழிக்காதீர்கள்.