பழைய கையடக்கக் கணினியில் லினக்ஸ்: கார்டா, சீரியல் கேபிளா?

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடப்பட்ட பிறகும் ஜோர்னடா 720, ஐபேக் 3600 மாதிரி பழைய கையடக்கக் கணினிகள் சிங்கப்பூரில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் வைஃபை கிடையாது, சரி, லினக்ஸை எப்படி ஏற்றுவது?

ஜோர்னடா என்றால் யோசிக்கவே வேண்டாம், காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுதான். வீட்டுக் கணினியில் கார்டை இரண்டாகப் பிரித்து, முதல் பகுதியை விண்டோஸ் படிக்கும் ஃபேட் வடிவமாக்கி அதில் கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) ஹாரெட்டையும் (விண்டோஸிலிருந்து லினக்ஸைத் தொடங்கும் நிரல்) போட்டு, அடுத்ததை லினக்ஸின் எக்ஸ்ட்2 வடிவமாக்கி ரூட் கோப்புகளை, அதாவது லினக்ஸின் மற்றக் கோப்புகளை, விரித்துவிட்டால், கருவியோடு வந்த விண்டோஸ் சிஇ-க்குள்ளிருந்து ஹாரெட்டைத் தட்டியதும் லினக்ஸ் எழுந்துவிடும். சிஇ, அழியாத நினைவகமான ரோமில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தற்காலிக நினைவகமான ராமில் இருக்கும் குறிப்பு, முகவரி எல்லாம் போய்விடும், முதலில் அவற்றை எடுத்து வையுங்கள்.

ஐபேக்கில் கார்டு போட, கருவியோடு மாட்டும் தனி உறை (ஸ்லீவ்) வேண்டும். அது இல்லாதவர்களுக்கு சீரியல் கேபிள். பூட்லோடரை (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) கருவியின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி, கணினியிலிருந்து அதற்கு 'லோடு ரூட்' என்று கட்டளை அடித்து, லினக்ஸ் கோப்பை நொடிக்கு 115200 பிட் வேகத்தில் எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக அனுப்ப வேண்டும். நொடிக்குப் பதினோரு கிலோபைட் சொச்சம்தான் போகும், 16 எம்பி முழுக்க என்றால் கிட்டத்தட்ட 25 நிமிடம். பூட்லோடர் எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கருவியே போச்சு, அதனால் சார்ஜரை மாட்டிவிட்டே தொடங்குங்கள். கேபிளில் எனக்குப் பிடித்தது, பூட் செய்திகள் கணினித் திரையில் வரிவரியாக ஓடும், எங்கே நின்றுவிட்டது என்று உடனே தெரியும்.

யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் சிம் லிம் டவரில் வாங்கலாம். ஐபேக் முனை உள்ள கேபிளுக்குத்தான் அலைய வேண்டும். இரண்டு கருவியும் கிடைத்தால் ஜோர்னடாவையே எடுங்கள்.