காப்பர் டியா, ஹார்மோன் வளையமா?

மகனுக்கு ஒன்றரை வயதானபோது, கர்ப்பப்பைக்குள் வைக்கிற கருத்தடை வளையமான காப்பர் டி போட்டுக்கொண்டேன். போடும்போது சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். அடுத்த பீரியட்ஸில்தான் தெரிந்தது. நாலு நாளில் முடிவது ஏழு நாள் ஓடியது, இரண்டாம் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், அதோடு இடுப்பைப் பிடித்து இழுக்கிற வலி. ஆறு மாதத்தில் ஓரளவு அடங்கியது, பழைய அளவுக்கு வரவில்லை.

அக்கா போட்டது மிரெனா என்கிற ஹார்மோன் வளையம். அவள் கதை நேர் எதிர். முதல் நாலு மாதம் எந்த நாள் என்றில்லாமல் துளித்துளியாகப் பட்டு, வெளிர் நிற சுடிதாரையெல்லாம் பீரோவில் ஏற்றிவிட்டாள். அப்புறம் பீரியட்ஸே நின்றுபோனது. "அழுக்கு உள்ளேயே தங்கிடாதாடி?" என்று அம்மாவுக்கு ஒரே கவலை. தங்காது. அதிலிருந்து கசிகிற லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையின் உள்சவ்வை மெலிதாக்கிவிடுகிறது, உதிர்வதற்கே ஒன்றும் இருக்காது. ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி நிற்கும். ஆனால் முகப்பரு, மார்பக வலி, தலைவலி, சினைப்பையில் தானாகவே கரைந்துவிடுகிற நீர்க்கட்டி எல்லாம் இதில் வரலாம், அக்காவுக்குத் தாடையெல்லாம் பரு. காப்பர் டியில் ஹார்மோனே கிடையாது, அதனால் இந்தப் பேச்சே இல்லை.

விலையிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம், 380ஏ வகை 10 வருடம் தாங்கும். மிரெனா சில ஆயிரம் ரூபாய். இருந்தாலும் ஏற்கெனவே உதிரப்போக்கு அதிகம், ரத்தசோகை என்றால் இலவசம் என்பதற்காகக் காப்பர் டி பக்கம் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கிய பிறகுதான் புத்தி வந்தது.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்துகளும் உண்டு. நழுவி வெளியே வரலாம், பிரசவம் முடிந்த கையோடு போட்டால் இன்னும் அதிகம். கர்ப்பப்பையைத் துளைப்பது ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கிற அளவு அபூர்வம். தொற்று வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள்தான், அப்போது காய்ச்சலோ துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். வளையத்தின் நுனியில் தொங்குகிற நூல் கைக்குத் தட்டுப்படவில்லை, நாளும் தள்ளிப்போகிறது என்றால் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். வளையம் இருந்தும் கரு தரித்தால் அது கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம்.