பாக் நீரிணை: இழுவைமடியா, ஆழ்கடல் தூண்டிலா?

ராமேஸ்வரம் விசைப்படகுக்கு இழுவைமடி, அதாவது படகு இழுத்துப்போகும் பை வலை, பழகிய தொழில். இன்று கடல், நாளை கையில் காசு. ஆனால் இறாலுக்காக அடிக்கடலை வாரும் மடியில் விரலளவு மீன்குஞ்சும் ஏறிவிடும். அது காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போவதைப் பார்க்க மனசு ஆறாது. நீரிணையும் குறுகல். எல்லை தாண்டினால் படகே போய்விடும். இலங்கை 2017-ல் இழுவைமடியையே தடைசெய்துவிட்டது.

அதே ஆண்டு இங்கே வந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில் சூரை மீன் பிடிக்கும் படகு ஒன்றுக்கு அப்போது 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள்: மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, கைக்காசு 10. தூண்டிலில் சூரை ஒவ்வொன்றாக ஏறும், குஞ்சு தப்பும். ஆனால் வாரக்கணக்கில் கடலில் கிடக்க டீசலுக்கும் ஐஸுக்கும் முன்பணம் வேண்டும். ஐஸ் குறைந்தால் மீன் விலை விழும். கடலுக்கு நல்லது தூண்டில்தான். ஆனால் முதல் சில கடல் பயணங்களின் செலவை அரசு தாங்காமல் மடியை விடச்சொல்வது நியாயமில்லை.